மாமியார் வளைவில் ஒரு குத்து

"குத்து காட்டினான்! கையை மடக்கி, என் மூஞ்சிக்கு நேரா தூக்கி, குத்து காட்டினான்!"

லாக்கப் கம்பிக்குப் பின்னால் நின்று கழுதைக்காரக் கிழவர் இத்தர் கத்தினார். எப்படிக் காட்டினான் என்று தன் கையையும் ஓங்கி ஆட்டினார். ஆட்டிய வேகத்தில் விரல் முட்டி கம்பியில் இடித்து, "ஆ!" என்றார்.

"மாமா, கம்பியோட வம்புக்குப் போகாதீங்க. அதுக்கும் தனியா ஒரு கேஸ் போட்டுடுவாங்க," என்றேன்.

லல்லா தமூ என் காலை மிதித்தார். துப்பறிகிறவர் அவர், உதவியாளன் நான், ஜவாத். மிதிபடுவதும் என் வேலையில் சேர்ந்ததுதான். லல்லா என்றால் எங்கள் ஊரில் 'அம்மா' மாதிரி ஒரு மரியாதைச் சொல். ஐம்பதைத் தாண்டியவர், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யர்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், மராகேஷில் சொந்தமாக ஆபீஸ் போட்டவர். வாயில் எந்நேரமும் சூரியகாந்தி விதை. தோலை எங்கே துப்புகிறார் என்பதை வைத்து அவர் மனநிலையைச் சொல்லிவிடலாம். கைக்குட்டையில் துப்பினால் நல்ல மூடு. என் ஷூ பக்கம் துப்பினால் நான் ஓட வேண்டும்.

இப்போது ஷூ பக்கம்தான் துப்பினார்.

மேஜைக்குப் பின்னால் சார்ஜென்ட் தேன் தடவிய ரொட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தார். தாஸ்கா கிராமத்துக் காவல் நிலையத்தில் அவரை விட்டால் வேறு ஆள் இல்லை, அவர் ரொட்டியை விட்டால் வேறு வேலையும் இல்லை.

"கேட்டீங்களா மேடம்? குத்து காட்டினான், கோபம் வந்துச்சுன்னு இவரே சொல்றார். கையெழுத்தும் போட்டுட்டார். மத்தியானம் ஜீப் வருது. மராகேஷ் கோர்ட்டுக்கு அனுப்பிட்டா என் வேலை முடிஞ்சுது. இருபது வருஷம் கிடைக்கும்," என்றார், ஏதோ லாட்டரிப் பரிசை அறிவிப்பது போல.

"இருபது வருஷமா? என் கழுதைக்கு யாரு தீனி போடுவா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சிரிப்பு வந்தது எனக்கு. ஆனால் இத்தரின் மகள் எங்கள் ஆபீசுக்குக் கீழ்த்தளத்தில் தையல் வேலை பார்க்கிறவள். முந்தின நாள் மாடியேறி வந்து, "எங்கப்பா கோபக்காரர்தான், லல்லா. ஆனா ஆளைக் கொல்ல மாட்டார்" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அம்மா கிடையாது. அதனால் சிரிப்பை விழுங்கினேன்.

"நடந்ததைச் சொல்லுங்க சார்ஜென்ட். இவன் சைக்கிள் பைத்தியம், இவனுக்குப் புரியும். எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றார் லல்லா தமூ.

நடந்தது இதுதான். சனிக்கிழமை காலை ஃபவ்ஸி, ஸுஹைர் என்ற இரண்டு பேர் தாஸ்கா கணவாயிலிருந்து மலை சைக்கிளில் இறங்கினார்கள். எங்கள் சைக்கிள் கிளப்பிலேயே வேகமான இரண்டு பேர். நண்பர்கள். அவர்கள் இறங்கிய பாதைக்கு நாங்கள் வைத்த பெயர் மாமியார். என்ன செய்தாலும் குற்றம் கண்டுபிடிக்கும், சின்னத் தப்பைக்கூட மன்னிக்காது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் கோவேறு கழுதை நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை. பாதி வழியில் ஒரு கிழட்டு மரமும் கொடூரமான வளைவும் இருக்கின்றன. அதுதான் மாமியார் வளைவு.

"ஃபவ்ஸி சொன்னது இது," என்றார் சார்ஜென்ட். "மேல ஸுஹைருக்கு டயர் பஞ்சர். 'நீ போ, நான் ஒட்டிட்டு வர்றேன்'னு சொல்லியிருக்கான். ஃபவ்ஸி முன்னாடி இறங்கியிருக்கார். வளைவைத் தாண்டி கீழே வரும்போது எதிர்ல இத்தர். கழுதை மேல கேஸ் சிலிண்டர் ஏத்திட்டு மேல போறார். அதுக்கு அப்புறம் ஃபவ்ஸி கீழே வந்து டீக்கடையில காத்திருந்தார். ஸுஹைர் வரவே இல்ல. அவனோட கார் கணவாய்க்கு அந்தப் பக்கம் நிக்குதே, திரும்பிப் போயிட்டான் போலன்னு ஃபவ்ஸி நினைச்சுட்டார். மறுநாள் காலையில ஆள் சேர்த்துத் தேடினோம், ஃபவ்ஸிதான் முன்னாடி ஓடினார். பார்த்தா, வளைவுல குறுக்கே கயிறு கட்டியிருக்கு. பள்ளத்துல பிணம்."

"கயிறு யாரோடது?"

"இத்தரோடது. அந்த மரத்துலதான் எப்பவும் தொங்கும்."

"எல்லாருக்கும்தான் தொங்கும்! சுமை சரிஞ்சா கட்டறதுக்குன்னு நான் போட்டு வச்சது. புண்ணியத்துக்குப் போட்டேன்யா!" என்றார் இத்தர்.

"போன மாசம் இதே சைக்கிள்காரங்க வாயால விசிலடிச்சு இவர் கழுதையை மிரட்டியிருக்காங்க. சுமை முழுக்கப் பள்ளத்துல உருண்டுடுச்சு. 'ஒருநாள் இவனுங்கள்ல எவனாவது உருளுவான்'னு இவர் கடைத்தெருவுல நின்னு கத்தினதை ஊரே கேட்டிருக்கு. அதுக்கு மேல இந்தக் குத்து. வளைவுக்கு ஏறிப் போனார், கயிறைக் கட்டினார், பின்னாடி வந்தவன் மாட்டினான். நான் வேற என்னத்தைத் தேடணும்?"

லல்லா தமூ விதையை மென்றார். "பிணம் எப்படி இருந்துச்சு?"

"ஹெல்மெட் ரெண்டா பிளந்து, தொடை எலும்பு முறிஞ்சு. முதுகுப் பையோட நெஞ்சுப் பட்டையில சின்னதா ஒரு விசில் இருக்குமே, அது பல்லுக்கு நடுவுல."

"விழும்போதே ஃபவுல் கொடுத்திருக்கான்," என்றேன்.

சார்ஜென்ட் வாயில் ரொட்டியோடு சிரித்து, புரையேறி, தண்ணீர் குடித்தார். இத்தர்கூட உள்ளே லேசாகச் சிரித்தார். லல்லா தமூ சிரிக்கவில்லை.

"உடனே உயிர் போயிடுச்சா?"

"சாயங்காலம் வரைக்கும் இருந்திருக்கலாம்னு டாக்டர் சொல்றார். இருந்தா என்ன மேடம், கொலை கொலைதானே?"

லல்லா தமூ எழுந்தார். கம்பியருகே போய் இத்தரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார்.

"உங்க கழுதையைக் கொஞ்சம் கடன் கொடுங்க," என்றார்.

"அது ஒரு மாதிரி, லல்லா. கடிக்கும்."

"இவனும்தான் ஒரு மாதிரி. நான் வச்சுக்கலையா?"

*

கழுதை மேல் லல்லா தமூ. முன்னால் நான், என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. ஏறும்போது சைக்கிளைத் தள்ளுகிறவனைப் பார்த்தால் உலகத்துக்கே சிரிப்பு. ஆனால் என் சைக்கிளை விட்டுவிட்டு எங்கேயும் போக மாட்டேன். சம்பளம் வந்ததும் டயர் வாங்கிவிட்டு மாசம் முழுக்கப் பட்டாணிக் கஞ்சி குடிக்கிறவன் நான். இடது தோளில் தகடும் திருகும் இருக்கின்றன. "நானா, சைக்கிளா?" என்று ஒருத்தி கேட்டாள். பதில் சொல்ல யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

"ஸுஹைர் எப்படிப்பட்டவன்?" என்று மேலேயிருந்து கேள்வி வந்தது.

"நல்லவன். அதாவது, எல்லாரையும் ஜெயிக்கிற அளவுக்கு நல்லவன். தேசிய அணியில காலியா இருக்கறது ஒரே இடம். போட்டி இவனுக்கும் ஃபவ்ஸிக்கும். ஸுஹைருக்குத்தான்னு நாங்க எல்லாரும் முடிவே பண்ணிட்டோம்."

"ஃபவ்ஸிக்கு அது தெரியுமா?"

"கண்ணாடி பார்க்கறவனுக்குத் தெரியாதா?"

பேச்சுக்கு நடுவே மேலே கற்கள் உருளும் சத்தம் கேட்டது. சைக்கிள்கள் வருகின்றன. கழுதையைப் பாறையோடு ஒட்டி நிறுத்தினேன். வெளியூர் ஆட்கள் போலிருந்தது. முழங்கால் கவசம், முகம் மறைக்கும் ஹெல்மெட், உடம்பெல்லாம் புழுதி. முதலில் வந்தவன் எங்களைக் கடக்கும்போது கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து இரண்டு விரல் காட்டினான். அடுத்தவன் ஒரு விரல். மூன்றாவது ஒரு பெண். கையை மடக்கித் தூக்கிவிட்டு, தலையாட்டிவிட்டுப் பறந்துவிட்டாள்.

"டேய் ஜவாத், எனக்கு எதுக்குடா அந்தப் பொண்ணு குத்து காட்டிட்டுப் போறா? நான் அவளை என்ன பண்ணினேன்?"

"ஐயோ லல்லா, அது குத்து இல்ல. எங்க வழக்கம். குறுகலான பாதையில எதிர்ல வர்றவங்களுக்குப் பின்னாடி இன்னும் எத்தனை பேர் வர்றாங்கன்னு விரல்ல சொல்லிட்டுப் போவோம். ரெண்டு பேர் வந்தா ரெண்டு விரல். ஒருத்தர் வந்தா ஒண்ணு. கையை மடக்கிக் காட்டினா, பின்னாடி யாரும்…"

நான் நின்றுவிட்டேன். என் முதுகில் கழுதை வந்து மோதியது.

"யாரும்?" என்றார் லல்லா தமூ.

"யாரும் இல்லன்னு அர்த்தம். நான்தான் கடைசி, இனிமே நீங்க தாராளமாப் போகலாம்னு அர்த்தம்."

விதை மெல்லும் சத்தம் நின்றுவிட்டது.

"ஃபவ்ஸி இத்தருக்குக் காட்டினது…"

"மடக்கின கை. பின்னாடி ஸுஹைர் பஞ்சர் ஒட்டிட்டு வர்றான்னா ஒரு விரல்தான் காட்டியிருக்கணும்! லல்லா, இது யோசிச்சுச் செய்யற காரியம் இல்ல. தும்மல் வந்தா கை வாய்க்குப் போகுது பாருங்க, அந்த மாதிரி. எதிர்ல ஆளைப் பார்த்தா கை தானா எழும்பும்."

எனக்கு என் மேலேயே எரிச்சல். இத்தர் ஆட்டோ ஆட்டென்று ஆட்டிக் காட்டியதில், கல்யாண வீட்டுச் சண்டை என்று நினைத்துவிட்டேன். பத்து வருஷமாகத் தினமும் நானே காட்டுகிற சைகை, வேறொருவர் கையில் வந்ததும் அடையாளம் தெரியவில்லை.

"ஆனா ஒரு சிக்கல் இருக்கு. 'கை தவறிடுச்சு, எல்லாருக்கும் அப்படித்தான் காட்டுவேன்'னு சொல்லிடுவான்," என்றேன்.

"அப்போ இத்தருக்கு முன்னாடி அவன் யாரைப் பார்த்தான்னு கண்டுபிடி. போ, நட."

வளைவுக்கு வந்தோம். கிழட்டு மரத்தடியில் கழுதை நின்றது. நின்றது என்றால் ஆணி அடித்த மாதிரி. காதிரண்டையும் பள்ளத்துப் பக்கம் நீட்டிக்கொண்டு, இழுத்தாலும் வரவில்லை, தட்டினாலும் வரவில்லை.

"ரசிகை போலிருக்கு. இயற்கைக் காட்சி பார்க்குது," என்றேன்.

லல்லா தமூ கழுதையின் காதுகளைப் பார்த்தார். பிறகு பள்ளத்தை. பிறகு இறங்கி அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தார்.

மரத்துக்கு மறுபக்கம் முதுகில் புல்லுக்கட்டோடு ஓர் அம்மாள் பாறையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கணவாய்ப் பக்கத்துக்காரி. சனிக்கிழமையும் புல்லறுக்கப் போனாயா என்று லல்லா தமூ கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"பார்த்தேனே! உச்சியிலயே பார்த்தேன். முன்னாடி வந்த பையன் என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினான். ஆண்டவன் ஒருத்தன்னு சொல்றான், நல்ல பிள்ளைன்னு நானும் ஒரு விரலைத் தூக்கினேன். அடுத்து வந்தவன் இருக்கானே, எனக்குக் குத்து காட்டிட்டுப் போறான்! 'நீ விளங்காமப் போவ'ன்னு சபிச்சுட்டேன். செத்தது அவனாமே. கடவுள் என்னை மன்னிக்கட்டும்."

"போலீஸ்காரங்க உங்களை விசாரிக்கலையா?" என்றேன்.

"விசாரிச்சாங்களே. ரெண்டு பேர் போனாங்களான்னு கேட்டாங்க, போனாங்கன்னேன். விரலைப் பத்தி யாரு கேட்டா?"

லல்லா தமூ கைக்குட்டையை எடுத்தார். தோலை அதில் துப்பினார்.

"மேல, ஸுஹைர் பின்னாடி இருக்கும்போது ஒரு விரல். சரியா எண்ணிக் காட்டியிருக்கான். வளைவுக்குக் கீழ மடக்கின கை. அதையும் சரியாத்தான் எண்ணியிருக்கான்," என்றார். பிறகு என் தோளைப் பிடித்தார். "ஜீப் வர்றதுக்குள்ள இறங்கணும். இன்னொண்ணு, இத்தர் வெளிய வந்ததும் அவர்கிட்ட எதையும் விளக்காதே. பேசாம வீட்டுக்குப் போகட்டும்."

"ஏன் லல்லா?"

"சொன்னதைச் செய்."

*

விடுதி முற்றத்தில் ஃபவ்ஸி சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தான். முந்தின நாள்தான் நண்பனை அடக்கம் செய்துவிட்டு வந்தவன். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகச் சங்கிலியைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, துணியால் ஒற்றிக்கொண்டிருந்தான். என் சைக்கிளைக்கூட நான் அவ்வளவு அன்பாகத் துடைத்ததில்லை.

லல்லா தமூ முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாசல் தூணோடு சார்ஜென்ட், கையில் புதினா டீயோடு. வேண்டாவெறுப்பாகத்தான் வந்தார். "அஞ்சே நிமிஷம். டீ அங்கேயே வாங்கித் தர்றேன்" என்று லல்லா சொன்னதில் பாதி வேலை செய்திருந்தது.

"உங்க நண்பர் போனதுக்கு ரொம்ப வருத்தம் தம்பி," என்றார் லல்லா தமூ. "இத்தர் கேஸ் முடிஞ்ச மாதிரிதான். ஒரே ஒரு சின்ன விஷயம். நீங்க அவருக்குக் குத்து காட்டி அவமானப்படுத்தினதா வாக்குமூலத்துல வந்திருக்கு. கோர்ட்ல அதைச் சத்தமா வாசிப்பாங்க. பத்திரிகைக்காரங்க இருப்பாங்க. அணிக்கு ஆள் எடுக்கறவங்க காதுக்குப் போனா, கிராமத்து மனுஷங்களை இப்படி மதிக்கிறவனான்னு ஒரு பேச்சு வரும். அதான், நீங்க காட்டவே இல்லன்னு எழுதிடலாமான்னு…"

ஃபவ்ஸி பிரஷ்ஷைக் கீழே வைத்தான். முகத்தில் உண்மையான பதற்றம். நண்பன் பிணத்தைத் தூக்கும்போதுகூட அந்தப் பதற்றம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

"அவமானமா? ஐயையோ, இல்ல மேடம்! காட்டலன்னு எழுத வேண்டாம், பொய் ஆயிடும். காட்டினேன். ஆனா அது மரியாதைக்குச் செய்யறது. ஜவாத்தையே கேளுங்க. எதிர்ல வர்றவங்களுக்கு வழி விடறதுக்காக நாங்க எல்லாரும் பண்றதுதான். பின்னாடி எத்தனை பேர்னு விரல்ல காட்டுவோம்."

"அப்படியா? குத்துன்னா எத்தனை?"

"குத்துன்னா பின்னாடி யாரும் இல்…"

சார்ஜென்ட்டின் டீ டம்ளர் உதட்டுக்கும் மார்புக்கும் நடுவில் நின்றது.

"முடிங்க தம்பி," என்றார் லல்லா தமூ மெதுவாக.

அவன் என்னைப் பார்த்தான். நான் கையை மடக்கித் தூக்கிக் காட்டினேன். கெட்ட புத்தி, எனக்கு அதில் சுகமாக இருந்தது.

"நான் தள்ளல," என்றான் ஃபவ்ஸி. "ஆண்டவன் மேல சத்தியமா நான் கை வைக்கல. அவனா விழுந்தான்."

"எங்க?"

"வளைவுல. எனக்குப் பின்னாடியே. பஞ்சரெல்லாம் இல்ல."

"நீ நின்னியா?"

"வாட்ச் ஓடிட்டிருந்துச்சு, மேடம்." சொல்லும்போது அவன் கண் ஈரமாகவே இருந்தது. "அன்னிக்கு எல்லாமே அமைஞ்சுது. ஒரு வளைவுலகூட நான் கால் ஊனல. அவன் விழுந்த சத்தம் கேட்டுச்சு. என் பேரைச் சொல்லிக் கத்தினான். கத்தறான்னா உயிரோடதானே இருக்கான்? நின்னா டைம் போயிடும். கீழ போய் ஆளைக் கூட்டிக்கலாம்னு நினைச்சேன்."

கேட்டவுடன் அவன் கழுத்தைத் திருகியிருக்க வேண்டும் நான். ஆனால் அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை அமையும் இறக்கம், கையில் ஓடும் வாட்ச், பின்னால் ஒரு சத்தம். புரிந்ததே என்று அருவருப்பாக இருந்தது.

"எதிர்லயே ஒரு ஆள் வந்தார். கையில கழுதை. மேல மரத்துல கயிறு," என்றார் லல்லா தமூ. "ஒரு மனுஷனைப் பள்ளத்துலேர்ந்து தூக்க அதுக்கு மேல என்ன வேணும்? அவருக்கு நீ மடக்கின கையைக் காட்டிட்டுப் போனே."

"அது… கை தானா…"

"தெரியும். கை உண்மையைச் சொல்லிடுச்சு. கீழ வந்த பிறகு?"

"டீக்கடையில உக்காந்தேன். ஒரு டீ சொன்னேன். அப்பதான் அணியில ஒரே இடம்னு ஞாபகம் வந்துச்சு." மூக்கை உறிஞ்சினான். "இன்னொரு டீ சொன்னேன்."

சார்ஜென்ட் தன் டம்ளரைப் பார்த்தார். அதைக் கொண்டுபோய்த் தரையில் வைத்தார்.

"மறுநாள் தேடப் போனப்ப எல்லாருக்கும் முன்னாடி நீதான் ஓடினே. கயிறை எடுத்துக் குறுக்க கட்டினே. நேத்து ஒரு நண்பனைப் புதைச்சாச்சு, இன்னிக்கு ஒரு கிழவரை உள்ள தள்ளிட்டா சுத்தம்," என்றார் லல்லா தமூ. எழுந்து, தோலை அவனுடைய பளபளக்கும் சங்கிலி மேல் துப்பினார். அவர் ஒரு பொருள் மேல் துப்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சார், நான் கைது ஆனா அணி…" என்று ஃபவ்ஸி ஆரம்பித்தான்.

சார்ஜென்ட் அவன் பிடரியில் ஒன்று வைத்தார்.

*

இத்தருக்காக வந்த ஜீப்பில் ஃபவ்ஸி ஏறினான். அவன் சைக்கிளையும் சாட்சிப் பொருள் என்று மேலே கட்டினார்கள். புழுதி அடங்கியதும் இத்தர் காவல் நிலையத்திலிருந்து வெளியே வந்தார். முதல் வேலையாகக் கழுதையின் வாயைத் திறந்து பார்த்தார், அடுத்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"தீனி போட்டீங்களா?"

"உங்களைவிட நல்லாச் சாப்பிட்டுச்சு, மாமா," என்றேன்.

லல்லா தமூ மகளுக்குப் போன் போட்டு அவரிடம் கொடுத்தார். அவர் மூன்று வார்த்தை பேசினார். நாலாவது வார்த்தையிலிருந்து அந்தப் பக்கம் ஒரே அழுகை, எனக்கே கேட்டது. "அழாதடி, வெளிய வந்துட்டேன். கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு போயிருக்கலாம். போகவில்லை. கழுதையின் வாரை இறுக்கிக்கொண்டே மறுபடி ஆரம்பித்தார்.

"எல்லாம் சரி. ஆனா எனக்குக் குத்து காட்டினதுக்கு யாரு மன்னிப்புக் கேக்கறது? என் வயசு என்ன, அவன் வயசு என்ன? இனிமே எவனாவது சைக்கிள்ல வந்து கையை மடக்கிக் காட்டட்டும், பல்லைப் பேத்துடறேன்!"

என் வாய் அரித்தது. லல்லா தமூ என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று. ஆனால் சும்மா போகிறவர்கள் பல்லெல்லாம் உடைபடப் போகிறது. அதோடு எவ்வளவு நல்ல வேடிக்கை! ஒரு மனுஷனை மாட்டிவிட்டதும் அதே குத்து, காப்பாற்றியதும் அதே குத்து. அதை அவரிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

"மாமா, அது திட்டே இல்ல! எங்க பாஷை. கையை மடக்கிக் காட்டினா, 'எனக்குப் பின்னாடி மேல யாரும் இல்ல, நீங்க தாராளமாப் போங்க'ன்னு அர்த்தம். மரியாதை, மாமா, மரியாதை!"

"ஜவாத்!" என்றார் லல்லா தமூ.

இத்தரின் முகம் மலர்ந்தது. "மரியாதையா? அட, நான் ஒரு மடையன்! அவமானம்னு நினைச்சு, வழியெல்லாம் கொதிச்சுக்கிட்டே போனேன். அந்தக் கொதிப்புலதான் வளைவுகிட்ட விசிலடிச்சப்பகூட…"

வாரை இறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"எந்த விசில்?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, காலையில் நான் அடித்த ஜோக் எதைப் பற்றி என்று.

"மரத்துகிட்ட போனப்போ விசிலடிச்சாங்க. விட்டு விட்டு அடிச்சாங்க. போன மாசம் மாதிரியே கேலி பண்றானுங்க, குத்து காட்டினது பத்தாதா, மேல ஒருத்தன் ஒளிஞ்சுக்கிட்டு விசில் வேற அடிக்கிறான்னு… மானமுள்ளவன் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு…" ஒவ்வொரு வார்த்தையும் மெதுவாக வந்தது. "மேல யாரும் இல்லன்னுதானே அதுக்கு அர்த்தம்? அப்ப விசிலடிச்சது யாரு தம்பி?"

நான் லல்லா தமூவைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் கம்பியருகே போய் எதைக் கேட்காமல் திரும்பினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாய் கிழியப் பேசுகிற எனக்குச் சொல்ல ஒரு பொய்கூடக் கிடைக்கவில்லை.

"யாரு தம்பி?" என்றார் மறுபடி.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கழுதையின் கழுத்தில் கையை வைத்தார். அது காதைத் திருப்பியது.

"இது நின்னுச்சு. பள்ளத்தைப் பார்த்துக்கிட்டு நின்னுடுச்சு, நகரவே மாட்டேன்னுச்சு," என்றார் இத்தர். "நான்தான் அடிச்சு ஓட்டினேன்."